பதினேழாவது பொருள்

சுபஸ்ரீ இந்த வீட்டுக்குள் கால் வைக்க இன்னும் பதினோரு மணி நேரம் இருந்தது.

அப்போது அதிகாலை ஐந்தேகால். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை நாலரைக்குத் தொடங்கும். அதற்கு முன்னால், நாலேகாலுக்குள், மகளைத் தாராபுரத்திலிருந்து கூட்டி வந்து ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்துவிட வேண்டும் என்பது அவள் அம்மா ரங்காத்தாளின் உத்தரவு.

இன்று சுபஸ்ரீக்குக் கட்டுச்சோறு. ஏழு மாதம். பிறந்த வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டி எடுத்துப்போய், சம்பந்தி வீட்டில் பந்தி வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வரும் நாள்.

மருமகள் தேஜஸ்ரீ அடுப்படி வாசலில் நின்று நீல டிரம்மைப் பார்த்தாள். நூறு லிட்டர். கழுத்து வரை நல்ல தண்ணீர். தண்ணீர் பிடித்த கையோடு ரங்காத்தாள் நேற்றே அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தாள்.

மாமனாருக்கு இருப்பது பதினோரு மணி நேரம். அதற்குள் அவர் அந்த டிரம்மைப் பற்றி ரங்காத்தாளிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இவள் சொல்ல வேண்டும்.

இந்த அடுப்படியிலிருந்து பிளாஸ்டிக் ஒவ்வொன்றாக வெளியேறியதற்கு ஒரு கதை உண்டு. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் தேஜஸ்ரீ ஒரு பட்டியல் எழுதினாள். கணவன் சசிகுமாரின் பனியன் பேக்கிங் யூனிட்டில் வீணாய்ப் போன ஒரு தாளின் பின்பக்கம், பதினேழு பொருட்கள். அதை அடுப்படிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். அவளுக்கு எதிர்த்துப் பேச வராது. எழுதி ஒட்ட வரும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மாதம் ஒன்று, முடிந்தால் இரண்டு. வரிசை மட்டும் அவளுடையது. சூடு படுவது முதலில். எண்ணெயும் புளிப்பும் படுவது அடுத்து. உலர்ந்ததும் குளிர்ந்ததும் கடைசியில். அவள் வேதியியல் படித்தவள். பிளாஸ்டிக்கிலிருந்து எதையாவது இழுத்து வருவது பெரும்பாலும் சூடும் எண்ணெயும் புளிப்பும்தான்.

முதலில் போனது டீ வடிகட்டி. பிறகு நைலான் தோசைத் திருப்பி. ஊறுகாய் டப்பா பீங்கான் ஜாடியானது. எண்ணெய் கேன் எவர்சில்வர் தூக்கானது. மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் கண்ணாடி பாட்டிலுக்குள் போயின. பழைய டப்பாக்கள் குப்பைக்குப் போகவில்லை. துணி கிளிப்பும் ஆணியும் ஸ்க்ரூவும் போட்டு வைக்க மாடிக்குப் போயின.

ரங்காத்தாள் இதற்குச் 'சட்டம்' என்று பேர் வைத்தாள். "இன்னைக்கு என்ன சட்டம் கண்ணு?" என்பது அவளுடைய காலை வணக்கம். ஆனால் ஆறாவது பொருளுக்குப் பிறகு, மருமகள் காது கேட்காத தூரத்தில், பக்கத்து வீட்டாரிடம் அதே சட்டத்தைப் பெருமையாகச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

பதினாறு முடிந்தது. பதினேழாவது நீல டிரம். வெறும் பச்சைத் தண்ணீர்தானே என்று அதைக் கடைசியில் வைத்திருந்தாள். அதுதான் அவள் செய்த பிழை. அது எதனால் ஆனது என்று பார்த்தாள். எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை.

ஒன்பது நாளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, குழாயில் நல்ல தண்ணீர் வரும் முறை. காலி டிரம்மைச் சாய்த்துக் கழுவும்போது அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கம்பியைக் காய்ச்சி இழுத்த எழுத்து. எஃப் 118.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் அவள் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தவள். அங்கே ஸ்டோரில் ஒவ்வொரு டிரம்முக்கும் இப்படித்தான் எண் போடுவார்கள். எஃப் என்றால் ஃபிக்ஸர். ஏற்றிய சாயம் துணியை விட்டுப் போகாமல் இருக்கப் போடும் மருந்து.

மாமனார் கிட்டுசாமி இருபத்திரண்டு வருடம் வேறொரு சாயப்பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட்டு அந்த எழுத்தைக் காட்டினாள். அவர் டிரம்மை நிமிர்த்தி வைத்தார்.

"உங்கத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன் கண்ணு. நீ யாருகிட்டயும் சொல்லீராத. சசிகிட்டக்கூட" என்றார்.

சரிங் மாமா என்று தலையாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் எடுக்கவில்லை. குழாயில் நேராகப் பிடித்த இரண்டு எவர்சில்வர் குடங்களை முன்னால் வைத்தாள். வீட்டில் மற்றவர்கள் குடத்துக்கு மாறினார்கள். ரங்காத்தாள் மாறவில்லை. "டிரம்முத் தண்ணிதான் எனக்குத் தாகம் அடங்குது" என்பாள். ஒரு நாளைக்கு ஏழு எட்டுச் செம்பு. ஒன்பது நாளாகத் தேஜஸ்ரீ அதை எண்ணிக்கொண்டிருந்தாள். வாக்குக் கொடுத்த வாயைத் திறக்கவும் முடியவில்லை.

டிரம்மை மாற்றிவிடலாம் என்று மட்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"சுபா பெரிய மனுசியானப்ப சீருக்கு உங்க மாமா புதுசா வாங்கியாந்த டிரம்மு அது. அவ பொறந்தூட்டுக்கு வந்து, புள்ளயப் பெத்து எடுத்துட்டுப் போற வரைக்கும் இருக்கட்டும். அப்பறம் உன்ற சட்டப்படி பண்ணிக்கலாம்" என்று முடித்துவிட்டாள் ரங்காத்தாள்.

கர்ப்பிணி மூன்று நான்கு மாதம் குடிக்கப்போகும் தண்ணீர் அது.

இப்போது வாசலில் சசிகுமாரின் குரல் கேட்டது. யூனிட்டிலிருந்து ஒரு பெரிய கட்டு பாலி கவர் கொண்டு வந்திருந்தான். டீ-சர்ட் போட்டு ஒட்டுகிற கவர். திருப்பூரில் அது இல்லாத வீடு குறைவு. பருப்பும் அதில்தான், பஸ்ஸுக்குக் கட்டிக்கொடுக்கும் பொரியலும் அதில்தான்.

"அட்டைப்பெட்டிக்குள்ள கவரப் போட்டு, சோத்தக் கொட்டி, டேப் அடிச்சா முடிஞ்சுதும்மா. கண்டெய்னர்ல ஏத்தற மாதிரி அடுக்கிப் போடலாம்."

ரங்காத்தாள் புளிச்சோற்றைக் கிளறிக்கொண்டே நிமிர்ந்தாள். "ஆவி பறக்கற சோத்தக் கொண்டு போயிக் கவர்ல கொட்டுவியா? உன்ற பொண்டாட்டி சட்டத்துல மொத வரி என்னடா?"

"சூடு."

"தெரியுதல்ல? அத எடுத்துட்டு அக்கட்டால போ."

தேஜஸ்ரீக்குச் சிரிப்பு வந்தது. சசிகுமார் அவளைப் பார்த்து, "பாரு, எனக்கு இந்த ஊட்ல ஓட்டே இல்ல" என்றான்.

"எட்டுப் பெரிய போசிப் பாத்திரம் வாடகைக்கு எடுத்து வெச்சிருக்குது. அதுல அடியில வாழையிலையப் போட்டுச் சோத்தப் போடோணும். வாயிக்கு வேடு கட்டத் துணி வேணும். யூனிட்ல கிரே துணி கெடக்குமே?"

"கெடக்குது. கலர்த்துணியும் நெறையக் கெடக்குது. நல்லா இருக்கும் பாக்க."

"கலரு வேண்டாம். சாயமேத்தாத துணியா எடுத்தா. சுடுதண்ணில ஒரு தடவ அலசிக் குடு. புள்ளத்தாச்சி திங்கற சோறுடா. சாயப்பட்டறை வாடையே அதுல படக் கூடாது."

வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்த கிட்டுசாமியின் கத்தி நின்றது. தேஜஸ்ரீ பார்த்தாள். அவர் இலையையே பார்த்தார். பிறகு கத்தி மறுபடி நகர்ந்தது.

"ஏங் கண்ணு," ரங்காத்தாள் மருமகள் பக்கம் திரும்பினாள். "டிரம்மு நெறைய நல்ல தண்ணி இருக்கறப்ப, சமையலுக்கு எதுக்குக் கேன் தண்ணி எறக்குனே? கேனு பிளாஸ்டிக் இல்லீங்களா? சட்டம் தெரிஞ்சவீங்க சொல்லோணும்."

"கூட்டத்துக்குப் பத்தாதுங் அத்தை."

பொய் சொல்லும்போது தேஜஸ்ரீக்குக் காது மடல் சூடாகும். இந்த ஒன்பது நாளில் பல முறை சூடாகியிருந்தது.

புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தக்காளி, கொத்தமல்லி, தயிர். ஏழும் போசிகளில் நிறைந்தன. எட்டாவதில் சர்க்கரைப் பொங்கல். ஒவ்வொரு வாயிலும் வெள்ளைத் துணி வேடு கட்டி, சணலால் இறுக்கி, ரங்காத்தாள் பொட்டு வைத்தாள். ஏழரைக்கு வண்டி கிளம்பியது.

காரில் சசிகுமாரும் ரங்காத்தாளும் அவனுடைய சித்திகள் இரண்டு பேரும். போசிகள் யூனிட்டின் டாடா ஏஸில். அதைக் கிட்டுசாமியே ஓட்டினார். போசிகளை ஒரு கண் பார்த்துக்கொள்ளத் தேஜஸ்ரீ அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேண்டும் என்றேதான் உட்கார்ந்தாள்.

வண்டி அவினாசிபாளையம் தாண்டியது. ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றின.

"மாமா, இன்னும் சொல்லலீங்களே."

"சொல்லோணும் கண்ணு."

"எப்பங்?"

"நேத்துச் சொல்லலாம்னு போனேன். டிரம்முக்குப் பொட்டு வெச்சுட்டு இருந்தா. எப்படிச் சொல்றது?"

அவர் கியரை மாற்றினார். தேவையில்லாத இடத்தில் ஹாரன் அடித்தார்.

"சீருக்கு ஒறம்பரை சனம் எரநூறு பேரு. தண்ணி பிடிச்சு வெக்க டிரம்மு வேணும். பட்டறைல காலி டிரம்மு மலையாட்டம் கெடந்துது. ரெண்டு நாளைக்குத்தான்னு ஒண்ணக் கொண்டாந்தேன். சோடா உப்புப் போட்டு நாலு தடவ கழுவுனேன். உங்கத்தை பாத்துப்போட்டு, எல்லாருக்கும் முன்னால, புதுசா வாங்கியாந்தீங்களான்னா. ஆமான்னுட்டேன்."

"சீரு முடிஞ்சதும் திருப்பிக் கொண்டு போயிருக்கலாமுங்."

"கொண்டு போலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள பொட்டு வெச்சுப்போட்டா."

தேஜஸ்ரீ சிரிக்கவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

"உள்ள இருந்தது எந்த ஃபிக்ஸருங்?"

"பழசு. இப்ப அது வர்றதில்ல. மூடியத் தொறந்தா கண்ணு எரியும். நாங்க கர்ச்சீப்பக் கட்டிட்டுத்தான் தொறப்போம்."

அவளுக்குத் தெரியும். பழைய வகைகள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். லேபில் அந்தப் பாட்டிலைப் புகைபோக்கிக்கு அடியில் வைத்துத்தான் திறப்பார்கள்.

"என்ன ஆகும் கண்ணு? நீ படிச்சவ. சொல்லு."

அவள் யோசித்தாள். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்ல அவளுக்கு வராது.

"பிளாஸ்டிக்கு மருந்தக் கொஞ்சம் உறிஞ்சி வெச்சுக்கும். அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா விடும். மொதல்ல எச்சா வந்திருக்கும். பத்து வருசத்துல இப்பக் கொறைஞ்சு போயிருக்கலாமுங். ஒண்ணும் ஆகலைன்னு சொல்ல முடியாது. ஆச்சுன்னும் சொல்ல முடியாது. அதுல என்னென்ன இருந்துச்சுன்னே தெரியாதப்ப, யாராலயும் சொல்ல முடியாதுங் மாமா."

"அப்ப ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம்."

"இருக்கலாமுங். ஆனா சுபாவ வெச்சு அதையச் சோதிச்சுப் பாக்க முடியாதுங்."

கிட்டுசாமி தாடையைத் தடவிக்கொண்டார். குண்டடம் வந்தது. ஒரு டீக்கடையைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, நிறுத்தாமல் போனார்.

"ஒரு வழி இருக்குது" என்றார். "இன்னைக்கு நாம முன்னால போயிரலாம். ஆணியக் காய்ச்சி அடியில ஒரு ஓட்ட போட்டுட்டா? ஒழுகுதுன்னு தூக்கிப் போட்டுட்டு, நீ சொன்ன எவர்சில்வர் டேங்க் வாங்கிப்போடலாம். யாருக்கும் வெசனம் இல்ல."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த யோசனை அவளுக்கும் வந்ததுதான். நான்காவது நாளே வந்தது. ஓட்டை போட்டால் சுபா தப்பித்துவிடுவாள். அது போதாதா என்று இரண்டு நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"வேண்டாமுங் மாமா."

"ஏங் கண்ணு?"

"பத்து வருசமாக் குடிச்சவங்க அத்தை. அவங்களுக்குத் தெரியணுமுங். நாளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுன்னா டாக்டர்கிட்டச் சொல்லவாவது தெரியணும். நீங்க சொல்லலீன்னா நான் சொல்லீருவேனுங்."

இவ்வளவு நீளமாக அவள் மாமனாரிடம் பேசியதில்லை. பேசி முடித்ததும் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"சொல்லிப்போடறேன்" என்றார் கிட்டுசாமி. "அங்கயே சொல்லிப்போடறேன்."

தாராபுரத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். போசிகள் வரிசையாக இறங்கின. வேடு அவிழ்த்ததும் புளிச்சோற்று வாசனை தெரு வரை போனது. சுபஸ்ரீ பச்சைப் பட்டில், கை நிறைய வளையலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் லேசாக வீங்கியிருந்தது. அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணி, இந்த ஊருத் தண்ணி எனக்குச் சேரவே இல்லீங். எப்ப நம்மூட்டுக்கு வந்து ஒரு செம்பு மடக் மடக்குன்னு குடிப்பேன்னு இருக்குது."

"டிரம்மு நெறைச்சு வெச்சுட்டுத்தான் வந்திருக்கறேன் கண்ணு" என்றாள் ரங்காத்தாள், மகளின் தலையில் பூவைச் சரிசெய்தபடி. "உன்ற சீருக்கு அப்பா வாங்குன டிரம்மு. நீ வந்து மொதச் செம்பு குடிக்கோணும்னு நேத்தே பொட்டு வெச்சுட்டேன்."

சம்பந்தியம்மா சின்னாத்தாள் போசிகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இதென்னுங்க, இந்தக் காலத்துல வேடெல்லாம் கட்டி? எங்க மூத்த மருமகளுக்கு வந்த கட்டுச்சோறு பூராவும் பிளாஸ்டிக் பக்கெட்டுல வந்துது. தயிர்ச்சோறு பெயிண்டு வாடை அடிச்சுது."

"எல்லாம் எங்க மருமவ பண்ற வேலைங்க. அடுப்படியவே மாத்திப்போட்டா. பேசவே மாட்டா. எழுதி ஒட்டிப்போடுவா. நாம படிச்சுக்கோணும்."

பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தேஜஸ்ரீ தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு பந்தி பக்கம் போய்விட்டாள்.

அங்கிருந்தே பார்த்தாள். கிட்டுசாமி மூன்று முறை முயற்சி செய்தார். முதல் முறை மனைவி பக்கம் போய் நின்று, ஒன்றும் சொல்லாமல் ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார். இரண்டாம் முறை சம்பந்தி அவரைக் கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். மூன்றாம் முறை கொஞ்சம் நெருங்கினார்.

"ஏம்புள்ள, சித்த இங்க வா."

"என்னுங்க? பந்தி பாதில இருக்குது."

"அந்த டிரம்மு இருக்குதல்ல."

"எந்த டிரம்மு? மோரா? பத்தலீங்களா?"

"அது இல்ல. ஊட்ல, தண்ணி டிரம்மு."

"நெறைச்சாச்சுங்க. மூடியும் போட்டாச்சு. இதக் கேக்கவா கூப்பிட்டீங்க? அங்க பாருங்க, எள்ளுச்சோறு தீரப்போவுது, எட்டி நின்னு பரிமாறுறான் உங்க பையன்." அவள் போய்விட்டாள்.

கிட்டுசாமி பந்தலின் மறுகோடியிலிருந்து மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டேகாலுக்குக் காலிப் போசிகளோடு டாடா ஏஸ் முதலில் கிளம்பியது. முன்னால் போய் ஆரத்தி கரைத்து வைக்க வேண்டும். காரில் சுபஸ்ரீ வருவாள். குலுங்காமல் மெதுவாக வரச் சொல்லியிருந்தது.

 

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. தேஜஸ்ரீ தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தாள். தண்ணீர் சிவந்தது. அதை வாசலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். டிரம்மின் விளிம்பைப் பிடித்துச் சாய்க்கப் பார்த்தாள். நூறு லிட்டர். அசையவில்லை.

"மாமா, ஒரு கை பிடிங்."

கிட்டுசாமி அடுப்படி நிலையில் நின்றார். உள்ளே வரவில்லை.

"கவுத்துப்போட்டா ஏன்னு கேப்பா."

"கேக்கட்டுங். அப்பவாவது சொல்லுங்க."

அவர் கை வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டது. முன்னால் வரவில்லை. தேஜஸ்ரீ ஒரு குடத்தை வைத்து, செம்பால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பி, துணி துவைக்கிற கல்லில் கொண்டுபோய்க் கொட்டினாள். ஒரு குடம். இரண்டு. ஐந்து. டிரம்மில் பாதி குறைந்தபோது தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது.

மணி நாலு அடித்து ஐந்து நிமிடம். நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஆரத்தி எடுத்தது ஒரு சித்தி. சுபஸ்ரீ வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து, சோபாவில் சாய்ந்து, "அப்பாடா" என்றாள். சசிகுமார் ஃபேனைப் போட்டான். ரங்காத்தாள் நேராக அடுப்படிக்கு வந்தாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சந்தோஷம். செம்பைக் கழுவி, டிரம் மூடியைத் திறந்தாள்.

"இதென்ன இது, இத்தன கொறைஞ்சிருக்குது?" என்றபடி செம்பை உள்ளே விட்டு மொண்டாள்.

தேஜஸ்ரீ செம்பின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

"அத்தை, அந்தத் தண்ணி சுபாவுக்கு வேண்டாமுங்."

ரங்காத்தாள் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்குமா? இன்னைக்கு ஒரு நாளைக்குச் சட்டத்துக்கு லீவு வுடு கண்ணு. கைய எடு."

"எடுக்க மாட்டேனுங்."

"தேஜூ!" ரங்காத்தாளின் குரல் மாறியது. "நானும் போசி எடுத்தேன். வேடு கட்டுனேன். உன்ற பட்டியல்ல பதினாறுக்கும் தலையாட்டுனேன். எம்மவளுக்கு எங்கூட்டுத் தண்ணியக் குடுக்கக்கூட உங்கிட்டக் கேக்கோணுமா?"

ஹாலில் பேச்சு நின்றது.  தேஜஸ்ரீ கையை எடுக்கவில்லை. சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

"அவள ஏதும் சொல்லாத ரங்காத்தா" என்றார் கிட்டுசாமி.

அவர் நிலைப்படியைத் தாண்டி அடுப்படிக்குள் வந்திருந்தார்.

"அது புதுசு இல்ல. சாயப்பட்டறை டிரம்மு. ஃபிக்ஸர் வந்தது. எங்க ஸ்டோர்ல இருந்து நாந்தான் கொண்டாந்தேன். அடியில நம்பரு இருக்குது, நானே போட்டது. இந்தப் புள்ள பாத்துக் கண்டுபுடிச்சுது. ஒம்பது நாளா நாந்தான் வாயக் கட்டி வெச்சிருக்கறேன்."

ரங்காத்தாள் செம்பைக் கீழே வைக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.  பிறகு, தேஜஸ்ரீ எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். மூச்சை விட்டுவிட்டுச் சிரித்தாள். நன்றாகச் சிரிக்கவில்லை. ஆனால் சிரித்தாள்.

"இதுக்கா இத்தன? அட சாமி. ஊர்ல எத்தன ஊட்டுல பட்டறை டிரம்மு இருக்குது. வாங்குனேன்னு பொய் சொன்னீங்களே, அதுக்கு உங்கள அப்பறம் பாத்துக்கறேன்." குரல் தழுதழுத்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "கழுவித்தான வெச்சீங்க? பத்து வருசமா நாமெல்லாம் குடிக்கல? எனக்கென்ன ஆச்சு? சுபாவும் சசியும் இதக் குடிச்சுத்தான வளந்தாங்க? நல்லாத்தான இருக்கறாங்க? உங்களுக்கென்ன ஆச்சு? நீங்களுந்தான குடிச்சீங்க?"

கிட்டுசாமி அவள் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

தேஜஸ்ரீ அவரைத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டில் அவ்வளவு நேரம் வந்தபோதும் அவர் சொல்லாத ஏதோ ஒன்று அந்த முகத்தில் இருந்தது.

"ஏனுங்க," ரங்காத்தாள் மெதுவாகக் கேட்டாள். "உங்களத்தான் கேக்கறேன். நீங்களுந்தான குடிச்சீங்க?"

"இல்ல புள்ள" என்றார் கிட்டுசாமி. "பட்டறைல குடிச்சுக்குவேன். டீக்கடைல குடிச்சுக்குவேன். அந்த டிரம்முல இருந்து நான் ஒரு நாளும் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல."